விதைத்த பூச்செடி ஏன் இப்படி ஆனது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் பூவிதைப் பாக்கெட் வாங்குகிறவருக்கு முதல் இடைஞ்சல் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம்தான். பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரருக்கு எழுதிய குறிப்பு அது. பனிக்காலம் முடிந்ததும் விதை, கோடையில் பூக்கும் என்று இருக்கும். இங்கே பனியும் இல்லை, கோடையும் இல்லை. ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், புளித்த, அதாவது அமிலம் மிகுந்த செம்மண், மத்தியானத்துக்கு மேல் மழை. செடியில் தெரிகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வருகின்றன. பூச்சியும் நோயும் அதற்கு அடுத்தபடி. ஆகவே இலை மஞ்சளானதும் மருந்துக் கடைக்கு ஓடாமல், கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். செடி மட்டும் போதாது. பாத்தியில் எந்த இடத்தில், எந்த வரிசையில், எத்தனை செடி என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே பேசப்படும் செடிகள் சமவெளியில் நன்றாக வருபவை. பாதை ஓரத்துக்கு பிரெஞ்சு செண்டுமல்லி, குட்டை ஜினியா, நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, டோரேனியா. வெட்டிச் சாடியில் வைக்கவும் சாமிக்கு மாலை கட்டவும் உயரமான ஜினியா, ஆப்பிரிக்கச் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, மஞ்சள் காஸ்மோஸ், சூரியகாந்தி.

விதை முளைக்கவே இல்லை

எத்தனை நாள் ஆயிற்று என்று முதலில் எண்ணுங்கள். நம் வெப்பத்தில் ஜினியா, செண்டுமல்லி, காஸ்மோஸ் மூன்று முதல் ஆறு நாளில் தலைகாட்டும். சூரியகாந்தி ஐந்து முதல் எட்டு நாள். கோழிக்கொண்டை ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். வாடாமல்லி இரண்டு வாரம்கூட எடுக்கும். அதன் விதையைச் சுற்றிப் பஞ்சு போன்ற உறை இருப்பதால் ஈரம் உள்ளே போகத் தாமதம். உள்ளங்கையில் கரடுமுரடான மணலோடு தேய்த்துப் பஞ்சைக் கழற்றி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் நாள் குறையும். இந்தக் கணக்குக்குமேல் ஒரு வாரம் கடந்தும் ஒன்றுமில்லை என்றால்தான் கோளாறு.

மண்ணைக் கிளறி விதையைத் தேடுங்கள். என்ன கிடைக்கிறது என்பதில் விடை இருக்கிறது.

விதையே இல்லை என்றால் எறும்பு. ஜினியா, செண்டுமல்லி விதைகளை வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடும். நாற்றுத் தட்டை மேசைமேல் வைத்து, மேசைக்கால் ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்தினால் ஏறாது. வெறும் தண்ணீர் வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிடும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதமும் உண்டு. சோப்பு கலந்து, நான்கு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். நேரடியாகப் பாத்தியில் விதைத்த சூரியகாந்தி காணாமல் போனால் எலி, அணில், புறா ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். செம்பனைக்கு அருகே உள்ள வீடுகளில் எலி அதிகம். விதைத்த அன்றே வலை போட்டு மூடி, இரண்டாம் ஜோடி இலை வந்த பிறகு எடுங்கள். முளைத்த பருவத்தில்தான் பறவை அதிகம் பிடுங்குகிறது.

விதை இருக்கிறது, அழுத்தினால் நசுங்கிக் கூழாகிறது: தண்ணீர் அதிகம். விதை இருக்கிறது, கெட்டியாகவும் காய்ந்தும் இருக்கிறது: மேல்மண் இடையில் ஒருமுறை உலர்ந்துவிட்டது. முளைக்கத் தொடங்கிய விதை ஒரு மத்தியானம் காய்ந்தால் போதும், செத்துவிடும். நாற்றுத் தட்டை நேர் வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். முளைக்கும்வரை தட்டின்மேல் செய்தித்தாளை விரித்து வைக்கலாம். முதல் முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும்.

விதை நன்றாகவே இருக்கிறது, ஆனால் மூன்று செ.மீ. ஆழத்தில் கிடக்கிறது: புதைத்துவிட்டீர்கள். விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு மண் மேலே இருந்தால் போதும். ஜினியாவுக்கும் செண்டுமல்லிக்கும் அரை செ.மீ., சூரியகாந்திக்கு இரண்டு செ.மீ. பத்துமணிப்பூ, டோரேனியா, பெட்டூனியா விதைகள் தூசு மாதிரி. அவற்றுக்கு வெளிச்சம் பட வேண்டும், மண்ணே போடக்கூடாது. ஈரமான மேற்பரப்பில் தூவி, கையால் மெல்ல அழுத்திவிட்டால் சரி. நித்தியகல்யாணி இதற்கு நேர் எதிர். அதற்கு இருட்டு வேண்டும், முளைக்கும்வரை கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடிவையுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் முளைக்கவில்லை என்றால் விதை பழசு. இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில், பிரித்த பாக்கெட்டைச் சமையலறை அலமாரியில் வைத்தால் சில மாதங்களில் முளைப்புத்திறன் இறங்கிவிடும். மீதியுள்ளதைச் சோதிக்க, 20 விதையை எண்ணி ஈர டிஷ்யூவில் பரப்பி, சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு நிழலில் வையுங்கள். ஒரு வாரத்தில் (வாடாமல்லிக்கு இரண்டு வாரத்தில்) 14க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. ஏழெட்டு என்றால் இரண்டு மடங்கு அடர்த்தியாக விதைக்கலாம். இரண்டு மூன்று என்றால் தூக்கிப் போடுங்கள். அப்படி முளைப்பதும் நோஞ்சானாகத்தான் வரும். இனிமேல் வாங்குவதைக் காற்றுப்புகாத கண்ணாடிப் போத்தலில், அடியில் சிலிக்கா ஜெல்லோ வெறும் சட்டியில் வறுத்து ஆறிய அரிசியோ போட்டு, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைய வைக்கும் தட்டு வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும்: டெல்ஃபினியம், லார்க்ஸ்பர், ஸ்டாக், ஸ்வீட் பீ இவையெல்லாம் படத்தில் பார்க்க அழகாக இருக்கும். குளிர் இல்லாமல் அவை சரியாக முளைக்காது, முளைத்தாலும் நன்றாகப் பூக்காது. கேமரன் மலையில் உள்ளவர்கள் வாங்கட்டும். சமவெளியில் அந்தக் காசுக்கு இரண்டு பாக்கெட் ஜினியா வாங்குவது மேல்.

முளைத்தது, மறுநாள் காலையில் படுத்துக் கிடக்கிறது

நாற்றைக் கையில் எடுத்து, மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். தண்டு அங்கே நூலாகச் சுருங்கி, தண்ணீர் கோத்து, பழுப்பாக இருந்தால் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களும் ஈர மண்ணில் செய்கிற வேலை. ஒரு மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும். விழுந்ததை எழுப்ப முடியாது. விழுந்தவற்றையும் சுற்றி இரண்டு விரற்கடை தூரத்தில் நிற்கும் நல்ல நாற்றுகளையும் மண்ணோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, மேலே மெல்லிய படலமாக உலர்ந்த ஆற்று மணல் தூவி, மேல்மண் வெளுக்கும்வரை தண்ணீர் காட்டாதீர்கள்.

அடுத்த தடவை வராமலிருக்க, நாற்றுக்குத் தோட்டத்து மண் வேண்டாம். தேங்காய் நார்த்தூள் மூன்று பங்கு, கரித்த நெல் உமி ஒரு பங்கு போதும். நார்த்தூளில் உப்பு இருக்கலாம். வாளியில் ஊறவைத்துப் பிழிந்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் வரும். அது வெளிறும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். அலசாத நார்த்தூளில் நாற்று விழாது, ஆனால் இரண்டு இலையோடு அப்படியே நின்று, இலை ஓரம் கருகும். பழைய தட்டுகளைக் குளோரின் வெளுப்பானில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் தட்டைத் தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, பிறகு வடித்துவிடுங்கள். காலையில் மட்டும். மாலையில் நனைத்த நாற்று இரவெல்லாம் ஈரத்தில் நிற்கும்.

தண்டு சுருங்கவில்லை, கத்தியால் நறுக்கியது போல இருக்கிறது என்றால் அது நோய் அல்ல. பக்கத்தில் பளபளவென்று காய்ந்த கோடு தெரிந்தால் நத்தை. இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச் விளக்கோடு போய்ப் பாருங்கள்; ஆப்பிரிக்க நத்தை கையில் அகப்படும். வெறும் கையால் தொடாமல் பிளாஸ்டிக் பை மாட்டிப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். சாம்பல் தூவுவதெல்லாம் இந்த மழைக்கு நிற்காது. நத்தை மருந்துக் குருணையை நாய் தின்றால் ஆபத்து, ஆகவே நாய் வளர்க்கும் வீட்டில் வேண்டாம். கோடு இல்லை, வெட்டுண்ட நாற்று பக்கத்திலேயே கிடக்கிறது என்றால், அந்த இடத்து மண்ணை இரண்டு விரல் ஆழம் கிளறுங்கள். சுருண்டு கிடக்கும் சாம்பல் நிற வெட்டுப்புழு கிடைக்கும். மண் முழுக்கக் கிளறி நாற்று வேரோடு சிதறியிருந்தால் பக்கத்து வீட்டுக் கோழி. அதற்கு வலைதான் வழி.

நாற்று நெட்டையாக, வெளுத்து, ஒரு பக்கம் சாய்கிறது

வெளிச்சக் குறை. லைன் வீட்டு முன்தகரத்துக்கு அடியில் வளர்த்தால் இப்படித்தான் ஆகும். முளைத்த அன்றிலிருந்தே காலை வெயில் நான்கு மணி நேரமாவது வேண்டும். நெட்டையாகிவிட்ட செண்டுமல்லியையும் காஸ்மோஸையும் நடும்போது விதையிலை மட்டத்துக்குப் புதைத்தால், புதைந்த தண்டிலும் வேர்விட்டுத் தேறிவிடும். கோழிக்கொண்டையை அப்படிப் புதைக்காதீர்கள், தண்டு அழுகும். நிழலில் இருந்ததை ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். நான்கைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவாருங்கள்.

பாத்தியில் நட்டபின் வளர்ச்சி நின்றுவிட்டது, இலை மஞ்சள்

அதிகமாகக் கேட்கப்படுவதும் அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். மஞ்சள் என்றதும் உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். எந்த இலை மஞ்சள், எந்த மாதிரி மஞ்சள் என்று பார்க்காமல் போட்ட உரம் பாதி மழையோடு போகும், மீதி வேரைச் சுடும்.

அடியிலைகள் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. தோட்டத்து ஊர்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. எண்ணெய் மில்லிலிருந்து வரும் வெற்றுச் செம்பனைக் குலையையோ மரத்தூளையோ பச்சையாக மண்ணில் கலந்திருப்பீர்கள். அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. வெற்றுக் குலையை மண்ணுக்குமேல் ஒற்றை அடுக்காக, செடியின் தண்டைத் தொடாமல் பரப்பினால் நல்ல மூடாக்கு. மண்ணுக்குள் புதைத்தால் தொல்லை. குவித்தும் வைக்காதீர்கள், காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். ஏற்கெனவே கலந்துவிட்டிருந்தால், ஒரு லிட்டருக்கு 3 கிராம் யூரியா கரைத்த தண்ணீரை வாரம் ஒருமுறை, மூன்று வாரத்துக்கு வேர்ப்பக்கம் ஊற்றுங்கள்.

அடியிலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் குறை. மழை அதிகமான மண்ணில் இது சகஜம். எப்சம் உப்பு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மஞ்சளான இலை திரும்பிப் பச்சையாகாது. புது இலை எப்படி வருகிறது என்பதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

செண்டுமல்லி இலையில் வெண்கல நிறத்தில் பொட்டுப் பொட்டாக வந்து, ஓரம் கருகி, செடி குள்ளமாக நின்றால் மண் மிகவும் புளித்திருக்கிறது. நம் செம்மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) பல இடங்களில் 4.5 முதல் 5 வரைதான். இந்தப் புளிப்பில் இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறிக் கரைந்து வேர்வழி ஏறும். செண்டுமல்லி அதை முதலில் காட்டிக்கொடுக்கும் செடி. பூச்செடிகளுக்கு 6 முதல் 6.5 வேண்டும். நடுவதற்கு மூன்று வாரம் முன்பே சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத்தூள்) தூவி, 15 செ.மீ. ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திக் கலந்து நனைத்துவிடுங்கள். அதே நாளில் கோழி எருவோ யூரியாவோ போடக்கூடாது. சுண்ணாம்போடு சேர்ந்தால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும், மூக்கிலேயே தெரியும். செடி ஏற்கெனவே நிற்கிறது என்றால் சதுர மீட்டருக்கு 50 கிராம் மேலாகத் தூவி நனைத்து, மாதம் ஒருமுறை திருப்பிச் செய்யலாம், ஆனால் மெதுவாகத்தான் பலன் வரும். மில் பாய்லர் சாம்பல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அது கடுமையான காரம். சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடிக்குமேல் போனால் புளிப்பு தீர்ந்து வேறு தொல்லை தொடங்கும்.

மொத்தச் செடியும் மங்கி, மண்ணைப் பிடித்தால் களியாக ஒட்டி, நாற்றமடித்தால் தண்ணீர் தேங்குகிறது. உரம் எதுவும் உதவாது. பாத்தியை 25 செ.மீ. உயர்த்தி, ஒரு மீட்டர் அகலத்துக்குமேல் போகாமல் அமைக்க வேண்டும். மேல்மண் மூன்று, மக்கிய எரு இரண்டு, ஆற்று மணல் ஒன்று என்ற கலவை இதற்குப் பொருந்தும். ஆட்டுப்புழுக்கை மூட்டையை அப்படியே கொட்டாமல், நனைத்து மூடி இரண்டு மாதம் மக்கவைத்துப் போடுங்கள்.

உர அளவுக்கு ஒரு சொல். செம்பனைக்குப் போடும் 12:12:17:2 (தழை, மணி, சாம்பல், மக்னீசியம் சத்துகளின் அளவு) நீல உரமே பூவுக்கும் போதும். சதுர மீட்டருக்கு 15 கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. மாதம் ஒருமுறை மொத்தமாகப் போட்டால் இரண்டு மழையில் அடித்துக்கொண்டு போய்விடும்.

கைச்சாண் உயரத்திலேயே பூத்துவிட்டது. அல்லது இலையாகவே வளர்கிறது, பூ இல்லை

பாக்கெட்டில் 90 செ.மீ. என்று போட்டிருக்கும், உங்கள் செடி 30 செ.மீ.இல் மொட்டு வைத்துவிடும். விதை மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. ஆப்பிரிக்கச் செண்டுமல்லி, கோழிக்கொண்டை, காஸ்மோஸ், சூரியகாந்தியில் சில ரகங்கள் ஆகியவை பகல் குறைந்தால் பூக்கும் இனங்கள். ஐரோப்பாவில் கோடைப்பகல் 16 மணி நேரம் இருக்கும்போது அவை உடம்பை வளர்த்துக்கொண்டு, பிறகு பூக்கின்றன. நமக்குப் பகல் 12 மணி நேரத்திலிருந்து அரைமணிகூட விலகாது. முளைத்த நாளிலிருந்தே செடிக்குப் பூக்கும் காலம்தான்.

பாதை ஓரத்துக்கு இது வசதி, குள்ளமாகவே பூக்கட்டும். வெட்டுவதற்குத் தண்டு வேண்டும் என்றால் மூன்று வழி. முதலாவது, நாற்றைத் தட்டின் சின்னக் குழியில் முடங்கவிடாமல் நான்கு இலை வந்ததுமே பாத்திக்கு மாற்றுவது. வேர் முடங்கினால் கோழிக்கொண்டை பயந்து உடனே கொண்டை வைத்துவிடும், பிறகு வளராது. இரண்டாவது, முதல் மொட்டை வந்தவுடன் கிள்ளிவிட்டு நன்றாக உரமிடுவது. இது செண்டுமல்லிக்குப் பொருந்தும். மூன்றாவது, விளக்கு. கேமரன் மலைச் சாமந்திப் பண்ணைகளில் இரவில் விளக்கெரிவது இதற்காகத்தான். வீட்டுப் பாத்திக்கு 10 வாட் எல்.இ.டி. பல்பை ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, இரவு 7.30 முதல் 11.30 வரை, நட்ட நாளிலிருந்து நான்கு வாரம் எரியவிடுங்கள். மழையில் நனையாத வயரும் ஹோல்டரும் கட்டாயம். நான்கு வாரம் கழித்து விளக்கை நிறுத்தினால் மொட்டு வரும். சூரியகாந்திக்கு இதைவிட எளிது, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத வெட்டுப்பூ ரகத்தை வாங்கிவிடுங்கள்.

எதிர்க் கோளாறும் இங்கேதான் பிறக்கிறது. ஒரே பாத்தியில் எட்டுச் செடி பூத்து, வேலியோரம் உள்ள இரண்டு மட்டும் இலையாகவே நிற்கிறதா? இரவில் போய் அண்ணாந்து பாருங்கள். தெருவிளக்கு அந்த இரண்டின்மேல் விழும். அந்த இடத்தில் ஜினியா, நித்தியகல்யாணி போன்றவற்றை வைத்தால் போதும்.

விளக்கும் இல்லை, எல்லாச் செடியும் கரும்பச்சையாக, கொழுத்து, பூவில்லாமல் நிற்கிறது என்றால் தழைச்சத்து மிதமிஞ்சிவிட்டது, கோழி எருவின் வேலை. காஸ்மோஸ் இதில் முதலிடம். அதற்குப் பாத்தியிலேயே மோசமான இடத்தைக் கொடுக்க வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைவான வெயிலும் இதே தோற்றத்தைத் தரும், ஆனால் அப்போது தண்டு மெலிந்து நீளும்.

ஒரே ஒரு தண்டில் ஒரே பூ வருகிறது என்றால் கிள்ளவில்லை. ஜினியா 25 செ.மீ. ஆனதும் மூன்றாம் ஜோடி இலைக்குமேல் வெட்டிவிடுங்கள். பூ பத்து நாள் தள்ளும், தண்டு நாலைந்து வரும். வாடாமல்லி, காஸ்மோஸுக்கும் அப்படியே. பெரிய கொண்டை வைக்கும் கோழிக்கொண்டையையும் ஒற்றைத்தண்டுச் சூரியகாந்தியையும் கிள்ளக்கூடாது.

நேற்று நன்றாக இருந்த செடி இன்று வாடிவிட்டது

மத்தியானம் வாடி, மாலையில் நிமிர்ந்தால் வெறும் தண்ணீர்த் தேவை. இலை பச்சையாகவே இருக்க, மாலையிலும் நிமிராமல் தொங்கினால் தண்டடியைப் பாருங்கள். அங்கே வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் இருந்தால் ஸ்கிளரோஷியம் என்ற தண்டடி அழுகல். செடியையும் சுற்றியுள்ள ஒரு சாண் மண்ணையும் எடுத்துக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் அல்ல. அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும்.

நூல் எதுவும் இல்லையென்றால் தண்டை அடியில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்தே கிடையாது, மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். முன்பு தக்காளி, கத்தரி, மிளகாய், நிலக்கடலை போட்ட இடமா என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆம் என்றுதான் வரும். செடியைப் பிடுங்கி, கத்தியை வெளுப்பானில் கழுவி, அந்த இடத்தில் அடுத்த நடவைப் புதுக் கலவை நிரப்பிய பாலிபேக்கில் செய்யுங்கள். நித்தியகல்யாணி மட்டும் மழைநாளில் கருகி வாடினால் அது ஈரத்தால் வருவது. கூரையோரம் சொட்டும் இடத்தில் அதை நடக்கூடாது.

இலையில் புள்ளி, வெள்ளைப் பொடி, முறுக்கல்

ஜினியா இலையில் வெள்ளைப் பொடி வந்தால் வெண்சாம்பல் நோய். நெருக்கி நட்டதன் பலன். செடிக்குச் செடி 30 செ.மீ. விடுங்கள். ஆரம்பத்திலேயே கண்டால் நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம், மாலையில் மட்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும். மஞ்சள் வளையத்தோடு கோணலான பழுப்புப் புள்ளி பாக்டீரியாவால் வருவது, விதையோடேயே வரும். அந்தச் செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள், ஈரமாக இருக்கும்போது செடியைத் தொடவும் வேண்டாம். இலையில் வெள்ளைக் கோடு கோடாகக் கிறுக்கல் இருந்தால் சுரங்கப்பூச்சி. இலையைக் கிள்ளிப் போட்டால் போதும், மருந்து வீண். வறண்ட மாதங்களில் செண்டுமல்லி இலை மணல் தூவியது போல வெளிறி, அடியில் நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கத்தில் படுமாறு தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், மூன்று நாள் தொடர்ந்து.

இலை நூலாகவோ முறுக்கிக்கொண்டோ வந்தால் பூச்சியைத் தேடும் முன், பக்கத்துச் செம்பனையில் அந்த வாரம் களைக்கொல்லி அடித்தார்களா என்று விசாரியுங்கள். 2,4-டி வகை மருந்து காற்றில் வந்தால் இலை முறுக்கும். கிளைபோசேட் பட்டால் குருத்து வெளுத்துச் சிறுக்கும். காற்றடிக்கும் பக்கத்துச் செடிகளில் மட்டும், பல இனங்களில் ஒரே நாளில் தெரிந்தால் சந்தேகமே இல்லை. லேசாகப் பட்டிருந்தால் புது இலை நேராக வரும், காத்திருக்கலாம். களைக்கொல்லி அடித்த பம்பை எத்தனை தடவை கழுவினாலும் பூச்செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். இருபது வெள்ளிக்குள் தனியாக ஒரு கைத்தெளிப்பான் வாங்கிவிடலாம்.

மழையில் மொட்டு அழுகுகிறது, செடி சாய்கிறது

பெரிய செண்டுமல்லிப் பூ தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கழுத்தொடியும், பிறகு உள்ளே கறுத்து அழுகும். இதற்குச் சிறந்த மருந்து கத்திரிக்கோல். முக்கால் பங்கு விரிந்ததுமே, இரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்டிவிடுங்கள். அழுகியதைச் செடியில் விடாதீர்கள். தீபாவளிக்குப் பூ வேண்டுமானால் கணக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பேராக் உட்பகுதியில் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் மழையின் உச்சம். 2026 தீபாவளி நவம்பர் 8. செண்டுமல்லிக்கு விதையிலிருந்து 70 நாள் வைத்து ஆகஸ்ட் 30க்குள், வாடாமல்லிக்கு 100 நாள் வைத்து ஜூலை கடைசியில் விதைக்க வேண்டும். மொட்டு விட்டதும் பாத்திக்குமேல் மூங்கில் நட்டுத் தெளிந்த பிளாஸ்டிக் கூரை ஒன்று போட்டால், பாதி அழுகல் நின்றுவிடும்; பக்கங்களை மூடாதீர்கள்.

விடியற்காலையில் அடிக்கும் சுமத்ராக் காற்றுக்கு உயரமான செடி தாங்காது. செடி 20 செ.மீ. இருக்கும்போதே 15 செ.மீ. கண்ணுள்ள நைலான் வலையைப் படுக்கைவாட்டில் கட்டி, அதன் ஊடே வளரவிடுங்கள். விழுந்த பிறகு குச்சி நட்டு நிமிர்த்தினால் தண்டு வளைந்தே நிற்கும்.

வெட்டிச் சாடியில் வைத்த மறுநாளே தலை தொங்குகிறது

ஜினியாவைச் சீக்கிரம் வெட்டிவிட்டீர்கள். பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கழுத்து வளைந்து ஆடினால் இன்னும் முற்றவில்லை, விறைப்பாக நின்றால் வெட்டலாம். சூரியகாந்தி அதற்கு மாறாக, இதழ் தூக்கத் தொடங்கியதுமே வெட்ட வேண்டும். கோழிக்கொண்டை முழுதாக விரிந்த பிறகு, ஆனால் விதை உதிருமுன். உதிர்ந்தால் அடுத்த மழைக்கு வாசலெல்லாம் கோழிக்கொண்டைதான்.

காலை எட்டு மணிக்குள் வெட்டி, வாளித் தண்ணீரோடேயே போய், வெட்டியதை உடனே அதில் நிறுத்துங்கள். தண்ணீரில் மூழ்கும் இலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஜினியாவும் சூரியகாந்தியும் தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும் பூக்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச்சாறு, கால் தேக்கரண்டி வெளுப்பான் கலந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், மாற்றும்போதெல்லாம் தண்டை ஒரு விரற்கடை வெட்டுங்கள். சீனி மட்டும் போட்டால் கெடுதல்தான் வேகமாகும். ஜினியாவை ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள், குளிரில் இதழ் கறுக்கும்.

சேமித்த விதையில் பழைய பூ வரவில்லை

பாக்கெட்டில் எஃப்1 (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) என்று இருந்தால் அடுத்த தலைமுறை கலவையாகத்தான் வரும். உயரமும் நிறமும் அடுக்கும் மாறும். அடுக்குப் பூ ஒற்றை அடுக்காகத் திரும்புவதும் இதனால்தான். செண்டுமல்லி, ஜினியா, காஸ்மோஸ் எல்லாம் தேனீயால் கலப்பவை, ஆகவே சாதாரண ரகத்திலும் இரண்டு நிறம் பக்கம்பக்கமாக நின்றால் கலந்துவிடும். நிறம் மாறாமல் வேண்டுமானால் அந்த வகைச் செடி ஒரே நிறத்தில் மட்டும் வளர வேண்டும். வாடாமல்லி, கோழிக்கொண்டை ஓரளவு தாயைப் போலவே வரும்.

மாலையாகக் கட்டிய செண்டுமல்லியை உதிர்த்து விதைக்கிறவர்களுக்கு வெறும் உமிதான் கிடைக்கும். அது முற்றாமல் பறித்த பூ. விதைக்கென்று இரண்டு செடியை விட்டு, பூ காய்ந்து காம்பும் பழுப்பானதும், மழை இல்லாத மூன்று நாள் பார்த்துப் பறியுங்கள். நல்ல விதை அடியில் கறுப்பாக, நகத்தால் வளைத்தால் ஒடியும். வளைகிறது, தட்டையாக இருக்கிறது என்றால் உள்ளே பருப்பில்லை. நிழலில் விசிறிக் காற்றில் ஒரு வாரம் உலர்த்தி, ரகமும் மாதமும் எழுதிய காகித உறையில் போட்டு, மேலே சொன்ன போத்தலுக்குள் வையுங்கள். ஓராண்டுக்குமேல் போனதை விதைக்குமுன் டிஷ்யூவில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.